மெழுகுவத்தியை அப்பன்தான் ஏற்ற வேண்டும்

தெரசம்மாள் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். இரண்டையும் அவள் பெறவில்லை. மூத்தது அவள் கூடப்பிறந்த தம்பி மேக்ஸ்வெல். இளையது அந்தத் தம்பியின் மகள் ஜோஸ்லின். மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளையைக் காப்பாற்றும் வேலை அவளுக்கு வந்து வாய்த்தது. எதிரிக்குக்கூட அப்படி ஒரு வேலை வரக் கூடாது.

பிரசவக் காய்ச்சலில் அம்மா போனபோது தெரசம்மாள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க ஒரு இடுப்பில் தம்பியும் மறு இடுப்பில் கூடையுமாகப் போனாள். பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "தம்பியும் கூட வருவானுங்க" என்றாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். எஸ்டேட் வாட்ச்மேன் ஆரோக்கியதாஸ் ஒருவர்தான், "வரட்டுமே, ஒரு தட்டு சேத்திப் போட்டா ஆச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள். அவர்களுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் தம்பிக்கு அடுத்ததாகத்தான் அது உட்கார்ந்திருக்கும்.

மேக்ஸ்வெல் அழகாக வளர்ந்தான். கோயில் பாடற்குழுவில் அவன் குரல் தனியாகக் கேட்கும். ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஜீப் ஓட்டினான், கல்யாணம் செய்தான், வெள்ளக்கடை என்கிற ஊரில் தனிக்குடித்தனம் போனான். அவன் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்தபோது ஜோஸ்லின் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெண்டாட்டி செத்த துக்கத்தில்தான் அவன் குடிக்க ஆரம்பித்தான் என்று ஊர் சொல்லும். ஊருக்கு எப்போதும் நல்ல மனசு. அவள் இருக்கும்போதும் அவன் குடித்தான். அடி வாங்க அப்போது வேறு ஆள் இருந்தது, அதுதான் வித்தியாசம்.

ஜோஸ்லின் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, சீருடையின் முதுகில் ரத்தக் கறை கண்டு ஒரு டீச்சர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகெல்லாம் அடித் தழும்பு. அதன் பிறகு போலீஸ், டாக்டர், சேலத்தில் குழந்தைகள் விஷயத்தைக் கவனிக்கிற குழு என்று எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. சொந்தக்காரர் யாராவது பிள்ளையை வைத்துக்கொள்வீர்களா என்று குழு கேட்டது. "நானிருக்கறனுங்க" என்று தெரசம்மாள் எழுந்து நின்றாள். கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: குழு அனுப்பும் ஆள் கூட இல்லாமல் அப்பன் பிள்ளையைப் பார்க்கக் கூடாது.

அந்த ஆள் கீர்த்திகா, ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண். ஸ்கூட்டியில் மலையேறி வந்து, வீட்டைப் பார்த்து, பிள்ளையோடு பல்லாங்குழி ஆடி, வேண்டுமென்றே தோற்றுப் போவாள். ஜோஸ்லின் அவளைக் கீர்த்தியக்கா என்று கூப்பிட்டாள்.

முதலில் அந்தப் பிள்ளை கிடந்த கிடை சொல்லி மாளாது. ரோட்டில் பைக் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தட்டில் போட்டதை மூச்சு விடாமல் தின்னும். மிச்ச இட்லியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைக்கும். ஆரோக்கியதாஸ் எறும்பை அடித்துத் தள்ளிவிட்டு உறையைத் துவைத்துப் போடுவார், ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு வருஷம் போனது. ஒரு நாள் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கீழே போட்டுவிட்டு, ஓடி ஒளியாமல், "அத்தை, நான்தான் ஒடச்சுட்டேன்" என்று வந்து நின்றாள். தெரசம்மாள் துடைப்பத்தை எடுக்கிற சாக்கில் வெளியே போய் அழுதாள். பெற்றவளுக்குக்கூட அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்திருக்காது.

ஊருக்கு அந்தச் சந்தோஷம் பொறுக்கவில்லை. "என்ன இருந்தாலும் பெத்த அப்பன். அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார்கள். இந்தப் பழமொழியை உண்டாக்கினவன் ஒரு நாளும் அடி வாங்கியிருக்க மாட்டான். குழாயடியில் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே பேசினார்கள்: "புள்ள இல்லாதவ. தம்பி புள்ளையப் புடுங்கி வெச்சுக்கிட்டா." அதைக் கேட்டுவிட்டுத் தெரசம்மாள் நிரம்பாத குடத்தோடு திரும்பி வந்த நாட்கள் உண்டு.

அவளுக்கு மூச்சு விட ஓர் இடம் இருந்தது. ஏற்காடு டவுனில் ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீர்த்திகா ஒரு கூட்டம் போடுவாள். அண்ணன் பிள்ளை, தங்கச்சி பிள்ளை, பேரன் பேத்தி என்று இப்படி அடிபட்ட பிள்ளைகளை வைத்து வளர்க்கிறவர்கள் மட்டும் வருவார்கள். டீயும் பன்னும் உண்டு. உபதேசம் கிடையாது. தெரசம்மாள் லாட்ஜில் ரூம் கூட்டுகிற வேலை பார்த்தாள். சீசனில் ஞாயிறு லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைக் காட்டுவான். இருந்தாலும் கூட்டத்துக்குப் போய்விடுவாள்.

ஒரு தடவை முனியப்பன் என்பவர் பேசினார். அண்ணன் மகன்கள் இரண்டு பேரையும் வைத்திருப்பவர், மிளகு பறிக்க மரம் ஏறுகிற ஆள், வாய் திறக்காத மனுஷன். "எங்கண்ணன் செத்துத் தொலஞ்சா நல்லாருக்கும்னு தோணுதுங்க. தோணுனதுக்கப்புறம் நொம்பக் கஷ்டமா இருக்குதுங்க" என்றார். யாரும் சீச்சீ என்று சொல்லவில்லை. கீர்த்திகா அவருக்கு இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தாள். தனக்கும் அப்படித் தோன்றியதுண்டு என்று தெரசம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது உடம்பே லேசாக இருந்தது.

"புள்ளைய வளக்கறது ஒரு வேலைங்கம்மா. கூடப்பொறந்தவன உள்ள உடாம நிக்கறது இன்னொரு வேல. ரெண்டாவதுதான் கஷ்டம். மனசு எளகுனா, கதவத் தொறக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போடுங்க" என்று கீர்த்திகா ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுவாள்.

சொன்னவள் நல்லவள்தான். ஆனால் நிறுவனத்துக்குப் பணம் வருவது குறைந்தது. கூட இருந்தவர்களை நிறுத்திவிட்டு அவள் தலையில் மேலும் இரண்டு தாலுகாவைக் கட்டினார்கள். கூட்டம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆனது, பிறகு ஆள் சேரும்போது என்று ஆனது, பிறகு இல்லை. அந்த அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் ஜோஸ்லினுக்குப் புதுநன்மை வந்தது. பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற திருநாள். வெள்ளைக் கவுன், பூமுடி, பிரியாணி என்று ஒரு சின்னக் கல்யாணம். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்தன்று கொடுத்த மெழுகுவத்தியைப் பத்திரமாக வைத்திருந்து, புதுநன்மையன்று அப்பன் ஏற்றிப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அப்பன் இல்லாத பிள்ளைக்கு மாமன் ஏற்றலாம். அப்பன் உயிரோடு இருக்கும்போது வேறு ஆள் ஏற்றினால் அது அப்பன் உயிருக்கு ஆகாது. இது எந்த வேதத்திலும் இல்லை. பாதிரியாரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். யாரும் கேட்கவில்லை.

உபதேசியார் தேவசிகாமணி வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவர், மெத்தப் பெரிய மனுஷன். "தெரசா, உந்தம்பிக்கு ஏற்கெனவே கண்ணு ரெண்டும் மஞ்சப் பூத்துக் கெடக்குது. போன மாசம் ரத்தமா வாந்தி எடுத்தானாமா. இந்த நெலமைல வேற ஆள் வத்தி ஏத்துனா, நாளைக்கு ஒண்ணுன்னா ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் பழி யாருக்கு?" என்றார். "அவன் குடிய உட்டு மூணு வாரம் ஆச்சு. நானே பாத்தேன்."

ஆரோக்கியதாஸ் அவர் போகும்வரை பொறுத்திருந்தார். "வேண்டாந்தெரசா. நானே ஏத்தறேன். பழி வந்தா எனக்கு வரட்டும்."

"ஏனுங்க, அவன் செத்துப் போயிட்டா என்ன பண்றதுங்க?"

"புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்றது?"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவளுக்குச் சதையும் ஆடியது, தானும் ஆடினாள். அம்மா இல்லாத அந்தக் கைக்குழந்தை காப்பிச் செடி நடுவே வாயைப் பிளந்து அழுததுதான் அவள் கண்ணில் நின்றது. அவனுக்கு வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது என்பது அறிவுக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அவள் கீர்த்திகாவுக்குப் போன் போட்டாள். அதை மறைக்கக் கூடாது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். மறுநாள் கீர்த்திகா திருப்பிக் கூப்பிட்டபோது பின்னால் ஒரே சந்தடி, ஏதோ போலீஸ் ஸ்டேஷனில் நின்றாள். "சொல்லுங்கம்மா, ஏதாச்சும் அவசரமா?" என்று கேட்டாள். அதற்குள் தெரசம்மாள் முடிவு செய்துவிட்டிருந்தாள். "ஒண்ணுமில்லீங்க மேடம், சும்மாதானுங்க கூப்புட்டேன்" என்றாள்.

பிள்ளையிடமும் சொல்ல வேண்டியிருந்தது. தலை பின்னிக்கொண்டே, அப்பா வத்தி ஏற்ற வருவார் என்றாள். ஜோஸ்லின், "கீர்த்தியக்கா கூட வருவாங்களா அத்தை?" என்று கேட்டாள். நிபந்தனை அவளுக்கு மனப்பாடம்.

"வருவாங்க கண்ணு" என்றாள் தெரசம்மாள். ஜோஸ்லின் தலையை ஆட்டினாள். அத்தை அவளிடம் அதுவரை பொய் சொன்னதில்லை.

புதுநன்மையன்று மேக்ஸ்வெல் வெள்ளைச் சட்டையில், சவரம் செய்த முகத்தோடு, ஒரு துளி வாடை இல்லாமல் வந்தான். கோயிலே திரும்பிப் பார்த்தது. ஜோஸ்லினும் திரும்பிப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால், வாசல் வரைக்கும் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்றதும் அவள் வெள்ளைக் கவுன் இடுப்புக்குக் கீழே நனைந்தது. தெரசம்மாள் தன் முந்தானையை இழுத்து மறைத்து, "ஒண்ணுமில்ல சாமி, எல்லாரும் பாக்கறாங்க" என்று காதில் சொன்னாள். அவன் வத்தியை ஏற்றினான். மகள் கையில் கொடுத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். பெண்கள் வரிசை முழுக்க மூக்கைச் சிந்தியது. உபதேசியார் தெரசம்மாளைப் பார்த்து, எப்படி என்பதுபோலத் தலையசைத்தார். அந்த ஒரு நாழிகை அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள். அவள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள், மனசாரச் சொன்னாள்.

சாப்பாடு முடிந்ததும் மேக்ஸ்வெல் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "அக்கா, இந்தக் கவுனோட அவ அம்மா கல்லறைக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்றேன். மாலையும் வாங்கி வெச்சிருக்கறேன். பொழுதோட கொண்டாந்து உட்டர்றேன்."

செத்தவள் பேரைச் சொல்லிக் கேட்டால் எந்த வீட்டில்தான் இல்லை என்பார்கள்? ஆரோக்கியதாஸ் அண்டா கழுவப் போயிருந்தார். ஜோஸ்லின் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெரசம்மாள் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, "அம்மாளுக்குப் பூப் போட்டுட்டு வந்துரு கண்ணு" என்று பைக்கில் ஏற்றிவிட்டாள். தானே ஏற்றிவிட்டாள்.

கல்லறைக்கு அவன் போனது உண்மை. மாலை போட்டதும் உண்மை. வழியில் கூட்டாளிகள் இரண்டு பேர் சேர்ந்தார்கள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளக்கடையில் அவன் வீட்டுக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அமுதா போன் போட்டாள். "ஏனுங்க்கா, புள்ள சத்தம் கேட்டுதுங்க. இப்பக் கேக்கலைங்க. சீக்கரம் வாங்க."

ஆரோக்கியதாஸ், கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டரின் ஜீப்பைக் கேட்டு வாங்கி ஓட்டினார். மேக்ஸ்வெல் தன் வீட்டு வாசலில் போதையில் மல்லாந்து கிடந்தான். மூட்டை போட்டு வைக்கிற சின்ன அறையின் கதவில் வெளிப்பக்கம் கொண்டி மாட்டியிருந்தது. உள்ளே ஜோஸ்லின் மூட்டைகளுக்கு நடுவே, ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை ஊட்டுக்குப் போகலாம் என்று பிள்ளை அப்பனிடம் கேட்டிருக்கிறாள். இதுதான் உன்ற ஊடு என்று அவன் இழுத்துத் தள்ளியிருக்கிறான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. தெரசம்மாள் கத்திக் கதறி மாரில் அடித்துக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. ஆரோக்கியதாஸ் தூக்கப் போனபோது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அத்தை நீட்டிய கையை அவள் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்குச் சொன்னார்கள். மேக்ஸ்வெல்லைச் சேலம் ஜெயிலில் வைத்தார்கள். ஜோஸ்லினைக் கட்டோடு சேலத்தில் ஒரு விடுதியில் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். இனி அவள் எங்கே இருப்பது என்று முடிவு செய்ய குழு ஒரு நாள் குறித்தது. பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் மலையேறுவது என்று தெரசம்மாள் புறப்பட்டாள். துவைத்த கவுன் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவள் நேரே குழுவின் ஆபீசுக்குப் போகவில்லை. "நேரம் இருக்குதுங்க, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரலாம்" என்றாள். ஆரோக்கியதாஸ் வரவில்லை, ரோட்டோரம் நின்றுகொண்டார். அவள் ஜெயிலுக்குள் போய்த் தம்பிக்கு ஒரு லுங்கியும் பழமும் கொடுத்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் எலும்பும் தோலுமாக நின்று அழுதான். "தெரியாமப் பண்ணிட்டேனக்கா. ஒருக்கா புள்ள மொகத்தக் காட்டுக்கா, செத்தர்றேன்" என்றான். "அழுவாத சாமி. எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றாள். வேறு என்ன சொல்லத் தெரியும் அவளுக்கு?

குழுவின் அறையில் கீர்த்திகா வந்திருந்தாள், இளைத்துப் போயிருந்தாள். அவள் தெரசம்மாளுக்காகத்தான் பேசினாள். இந்த அம்மா கெட்டவர் இல்லை, இரண்டு வருஷம் அருமையாக வளர்த்தார், பக்கத்தில் நிற்க வேண்டிய நாங்கள்தான் இல்லாமல் போனோம் என்றாள். நடுவில் உட்கார்ந்திருந்த குழுத் தலைவி மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "இனிமேல் மாதாமாதம் போய்ப் பார்க்க உங்களால் முடியுமா?" என்று கேட்டார். கீர்த்திகா முடியும் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "தெரியலைங்க மேடம்" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

மேடம் ஜோஸ்லினைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உனக்கு அத்தை வீட்டுக்குப் போகணுமாம்மா?"

ஜோஸ்லின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மெதுவாக, மரியாதையாகப் பேசினாள். "அத்தை நல்லவங்க. சோறு போடுவாங்க. தலை சீவி உடுவாங்க. ஒரு நாள்கூட அடிச்சதில்லைங்க."

தெரசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா அப்பா அழுதா அத்தை கதவத் தொறந்துருவாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. நான் விடுதியிலயே இருந்துக்கறேன்."

மேடம் தெரசம்மாளிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இனிமே அவர் வந்து நின்னாக் கதவைத் திறக்க மாட்டேன்னு இந்தக் குழந்தைகிட்ட உறுதியாச் சொல்ல முடியுமா? நீங்க சொன்னா நான் யோசிக்கறேன்."

ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. ஆரோக்கியதாஸ் அவள் முழங்கையைத் தொட்டு, "சொல்லு தெரசா" என்றார். அவளும் சொல்லத்தான் எழுந்தாள். ஜோஸ்லின் அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு பொய்யை அந்தப் பிள்ளையிடம் தெரசம்மாள் எப்படிச் சொல்வாள்?

"என்ற தம்பிங்க, மேடம்" என்றாள்.

ஜோஸ்லின் கோபப்படவில்லை. ஏற்கெனவே தெரிந்த விடையை யாரோ சொன்னதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து போய், தன்னைக் கூட்டி வந்திருந்த விடுதிக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.